ஐம்பதுக்கு மேல் ஆளில்லை

பழைய பாட்டு மட்டும் போடுகிற அந்த வானொலிக்கு விளம்பரம் பிடித்துத் தருவது அவள் வேலை. நிலையத்தில் எல்லாரும் அவளை அக்கா என்றுதான் அழைத்தார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த அறிவிப்பாளர்கூட அப்படித்தான். ஊரில் அக்கா ஏறி இறங்காத கடை கிடையாது. செருப்புக் கடை, மெத்தைக் கடை, மின்விசிறிக் கம்பெனி என்று எங்கே போனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். அதெல்லாம் ஒரு காலம். இப்போது அவள் தலையைக் கண்டதுமே முதலாளிகளுக்கு எங்கிருந்தோ அவசரமாகப் போன் வந்துவிடுகிறது.

கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது மின்விசிறிக் கம்பெனி. அவர்களும் விளம்பரப் பொறுப்பை ஒரு ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னதால் அக்கா அந்த ஏஜென்சிக்கே போனாள். கண்ணாடி அறையில் குளிர் எலும்பைக் குடைந்தது. அவளுக்கு மகனாக இருக்கக்கூடிய வயதில் ஒருவன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். வயதுவாரியாக வரிசையாகக் கட்டங்கள், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று. ஓரத்தில் மட்டும் ஒரு கட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"ஐம்பதுக்கு மேல நாங்க எண்ணுறதே இல்ல மேடம்" என்றான். வெளியே மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி, கோபமோ கூச்சமோ இல்லாமல் சொன்னான். வயதானவர்கள் எந்தச் சாமான் வாங்குவது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார்களாம். அவர்கள் மனதை இனி மாற்ற முடியாதாம். அவர்களுக்குச் செலவு செய்வது விழலுக்கு இறைத்த நீராம்.

அக்கா பொறுமையாகத்தான் பேசினாள். பிள்ளைகள் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வீடு திரும்புகிறார்கள், பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து வேர்க்கிறவர்கள்தானே மின்விசிறி வாங்குவார்கள் என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டு, நல்ல வசனம் மேடம் என்று சொல்லி அதைத் தன் போனில் குறித்துக்கொண்டான்.

"அப்போ நானும் அந்தச் சாம்பல் கட்டத்துலதான் இருக்கேனா?"

அவன் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். "சேச்சே, உங்களப் பாத்தா அப்படித் தெரியல மேடம்" என்றான். அவளைச் சந்தோஷப்படுத்திவிட்டதாகவே நினைத்தான் போலிருக்கிறது. அக்காவுக்கு வாயெல்லாம் கசந்தது. அங்கே கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

மின்விசிறி போனது. மெத்தையும் செருப்பும் அதற்கு முன்பே போயிருந்தன. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே விளம்பரம் வரவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. அந்தக் காலியிடத்தைப் பேசியே நிரப்பினார் காலை நேர அறிவிப்பாளர். குரல் அப்படிக் கணீரென்று இருக்கும் என்பதால் நேயர்கள் அவருக்கு வைத்த பேர் வெண்கலம். யாருக்குக் கண்ணில் புரை எடுத்தது, யார் வீட்டுக் கிளி பறந்துபோனது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பாட்டு கேட்டுப் போன் செய்கிறவர்கள் பாட்டை மறந்துவிட்டுக் குடும்பக் கதையைச் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் யாரும் கணக்கில் இல்லை.

நிலையத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்தவன் முதலாளியின் மருமகன். முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவன் மாப்பிள்ளை. அந்தப் பாட்டுகளில் ஒன்றைக்கூட அவன் முழுசாகக் கேட்டதில்லை. ஒருநாள் அவன் அறைக்கு அக்காவைக் கூப்பிட்டு, புது விளம்பரதாரர் வந்திருக்கிறார் என்றான். எதிரே ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். விரலுக்கு ஒரு மோதிரம். யாரைப் பார்த்தாலும் சொந்தமே என்று கூப்பிடுகிற வாய். முழங்கால், இடுப்பு, தோள்பட்டை, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் விற்கிறவன். பதிவு செய்த விளம்பரம் அவனுக்கு வேண்டாம். பாட்டுக்கு நடுவே வெண்கலமே தன் வாயால் சொல்லவேண்டும், நானும் தினமும் இதைத்தான் தடவிக்கொள்கிறேன் என்று.

மாப்பிள்ளை போன் பேச வெளியே போன சமயம் எண்ணெய்க்காரன் அக்காவிடம் மனம் திறந்தான்.

"சின்னப் பசங்க ஒரு சோப்பு வாங்கணும்னாலும் நாலு இடத்துல விசாரிப்பாங்க சொந்தமே. பெரியவங்க அப்படியில்ல, குரலைக் கேட்டே நம்பிடுவாங்க. இவ்ளோ நல்ல சனத்தை இந்தப் படிச்ச முட்டாளுங்க சும்மா விட்டு வச்சிருக்கானுங்களே."

சொல்லிவிட்டு, பந்தியில் தனக்கு மட்டும் இரண்டு இலை போட்ட மாதிரி சிரித்தான். ஊரிலேயே வயதானவர்களை ஓர் ஆளாக மதித்துத் தேடி வந்த ஒரே வியாபாரி இவன்தான் என்பதை அக்காவால் சகிக்க முடியவில்லை. ஆனால் வேறு ஆள் இல்லை. ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாள் காலை வெண்கலத்தின் குரலில் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது.

அக்காவின் வீட்டில் அவளும் அவள் மாமனாரும்தான். புருஷன் லாரி ஓட்டுகிறவன், வந்தால் வருவான், போனால் போவான். மாமனார் காலமெல்லாம் லேத் பட்டறையில் நின்றே வேலை பார்த்தவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. கட்டில் தலைமாட்டில் ஒரு ரேடியோ. காலையில் வெண்கலம் வணக்கம் சொன்னால் இவர் இங்கிருந்தே வணக்கம் என்று பதில் சொல்வார்.

ஒருநாள் அவர் அறையைக் கூட்டப் போனபோது அக்காவுக்கு நாற்றம் மூக்கில் அடித்தது. கற்பூரமும் மண்ணெண்ணெயும் கருகின ரப்பரும் கலந்த நாற்றம். அதற்கு அடியில் வேறொரு வாடை, சீழ் வாடை. மாமனார் போர்வையை இடுப்பு வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒன்றுமில்லை, குளிராக இருக்கிறது என்றார். வெயில் சுட்டெரிக்கிற நேரம். அவர் தடுக்கத் தடுக்க அக்கா போர்வையை விலக்கினாள். இரண்டு முழங்காலிலும் தோல் கொப்பளித்து உடைந்திருந்தது. துணி புண்ணோடு ஒட்டிக் கிடந்தது. வெந்நீரில் நனைத்து நனைத்துத்தான் அதைப் பிரிக்க முடிந்தது. தலையணைக்கு அடியில் அந்த எண்ணெய்ப் புட்டி இருந்தது. பாதி காலி.

ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். புண்ணைத் துடைத்த டாக்டர், தோலை அரிக்கிற ஏதோ கலந்திருக்கிறது என்றார். யார் சொல்லித் தடவினீர்கள் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றார் மாமனார். திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகச் சொன்னார்.

"வெண்கலம் பொய் சொல்ல மாட்டாரும்மா. நான்தான் அளவு தெரியாம நிறைய தடவிட்டேன்."

ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அக்கா அவர் காலைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மாப்பிள்ளையிடம் போய் அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொன்னாள். மாமனாரின் முழங்காலைப் பற்றியும் சொன்னாள். அவன் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு கேட்டான். பிறகு, அந்த நேரத்தை வாங்க வேறு ஆள் இல்லையே, நீங்களே ஓர் ஆளைக் கொண்டுவாருங்கள், அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றான். "ஒருத்தர் போதும் மேடம். ஒரே ஒருத்தர்."

அந்த வார்த்தையை நம்பி அக்கா மறுபடியும் தெருத்தெருவாக அலைந்தாள். கடைசியில் போன இடம் மூக்குக்கண்ணாடிக் கடை. முதலாளிக்கு அறுபதைத் தாண்டியிருக்கும், தலைக்கு மை பூசியிருந்தார். கூடத்தில் பெஞ்சு நிறைய நரைத்த தலைகள், படிக்கிற கண்ணாடியைப் போட்டுப் போட்டுச் சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்ளறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவள் நிலையம்தான். தினமும் இதைத்தான் கேட்கிறேன், இதைக் கேட்காவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது என்று முதலாளி உருகினார். விளம்பரம் என்றதும் மட்டும் குரல் இறங்கியது. பழைய பாட்டுக்கு நடுவே விளம்பரம் வந்தால் கிழடுகள் கடை என்று பேர் வந்துவிடும், அப்புறம் சின்ன வயசுக்காரர்கள் உள்ளே கால் வைக்க மாட்டார்கள் என்றார்.

வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று அக்கா கேட்டாள்.

"அவங்க எப்படியும் வருவாங்கம்மா. எங்க போயிடப் போறாங்க?"

அக்கா படியிறங்கி வந்து சாக்கடை ஓரம் நின்று காறித் துப்பினாள். தெருவில் துப்புகிறவர்களைக் கண்டால் திட்டுகிறவள் அவள். அன்றைக்கு இரண்டாவது முறையும் துப்பிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தாள்.

அன்று சாயங்காலம் வெண்கலத்தைப் பிடித்து, அந்த எண்ணெயை நீங்கள் தடவியிருக்கிறீர்களா அண்ணா என்று கேட்டாள். அவர் புட்டியைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. சொல்ல மாட்டேன் என்றால் நாளைக்கே வேறு ஆள் வைப்பார்கள் என்றார். "இந்த வயசுல எனக்கு வேற எவன் மைக் குடுப்பான், சொல்லு." அக்கா வாதாடவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

வாசலில் அந்தக் குரல் கேட்டதுமே மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாற்காலியைத் துடைக்கச் சொன்னார், ஜன்னலைத் திறக்கச் சொன்னார். டீயில் சர்க்கரை போதுமா என்று இரண்டு தரம் கேட்டார். பட்டறையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே இவர் குரலைக் கேட்பதற்காக ரேடியோவை எங்கே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் என்று சொன்னார். அத்தனைக்கும் நடுவே ஒரு துண்டை எடுத்து முழங்கால்மேல் போட்டுக்கொண்டார். துண்டு நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காலைக் காட்டுங்க ஐயா" என்றார் வெண்கலம்.

"அது ஒண்ணுமில்லைங்க. லேசான சிராய்ப்பு. நீங்க டீயைக் குடிங்க, ஆறிடும்."

வந்த விருந்தாளி மனம் நோகக்கூடாது என்று, வெந்த காலை மறைத்துக்கொண்டு சிரிக்கிற அந்த மனிதரை வெண்கலம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கீழே குனிந்து தானே துண்டை விலக்கினார். குரலால் பிழைக்கிற மனிதர், அதன்பின் கிளம்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது மட்டும் அக்காவிடம், "என்மேலயே எனக்கு நாத்தம் அடிக்குது" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை. அந்த இடம் வந்தால் அடுத்த பாட்டைப் போட்டுவிடுவார். எண்ணெய்க்காரன் ரேடியோவைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். வாரம் முடிவதற்குள் வந்து நின்றான். மாப்பிள்ளை வெண்கலத்தையும் அக்காவையும் அறைக்குக் கூப்பிட்டான். வெண்கலம் கையைக் கட்டிக்கொண்டு, தடவுகிறேன் என்று சொன்னேன், தடவினதில்லை, இனிமேல் சொல்லவும் மாட்டேன் என்றார். எண்ணெய்க்காரன் கோபப்படவில்லை. பெரியவர்களுக்குத் தோல் மெல்லிசாக இருக்கும் சொந்தமே, ஒன்றிரண்டு பேருக்கு அப்படி ஆகத்தான் செய்யும் என்றான்.

மேசைமேல் மாதிரிப் புட்டி ஒன்று இருந்தது. அக்கா அதை எடுத்து மூடியைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"உங்க முட்டில தடவுங்க, பாப்போம்."

தனக்கு வலியே இல்லையே என்று சிரித்தான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்தான். எண்ணெய் நாற்றம் அறை முழுக்கப் பரவியது. எண்ணெய்க்காரனின் மோதிரக் கை மேசையைவிட்டு எழவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒப்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

திட்டு விழும் என்று இருவரும் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையோ சோம்பல் முறித்தான். போனால் போகட்டும் மேடம், எப்படியும் நிலையத்தை விற்றாகிவிட்டது என்றான். ஆடுகிற பாட்டு போடுகிற ஒரு கூட்டம் வாங்கியிருக்கிறது, அடுத்த மாதம் அவர்கள் கைக்குப் போகிறது என்றான். எப்போது பேசி முடித்தீர்கள் என்று அக்கா கேட்டாள். எண்ணெய்க்காரன் வருவதற்கு முன்னாலேயே என்றான். கைமாறும்வரை கறக்கிற மட்டும் கறக்கலாம் என்றுதான் அவனைக் கூட்டி வந்தானாம்.

"அப்புறம் என்னை எதுக்கு ஊரெல்லாம் அலைய விட்டீங்க?"

"நீங்க ரொம்ப ஃபீல் பண்ணீங்களே மேடம்" என்றான் அவன்.

புழு நெளிகிற பழத்தைக் கடித்துவிட்டவள் போல அக்கா நின்றாள். அவனை அடிக்கத் தோன்றவில்லை. தொடக்கூட அருவருப்பாக இருந்தது.

கடைசி நாள் நேயர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்ல வெண்கலம் ஒரு நிமிஷம் கேட்டார். மாப்பிள்ளை மறுத்தான். விடைபெற்றால் உஷாராகி ரேடியோவை அணைத்துவிடுவார்கள், சத்தமில்லாமல் மாறினால் பாதிப்பேர் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று புது ஆட்கள் சொல்லியிருக்கிறார்களாம். அக்கா தன் பையில் தண்ணீர்ப் புட்டியையும் குடையையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, நடைக்கூடத்து ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்த பெண்குரல் சரணத்தின் நடுவே அறுந்தது. டம் டம் என்று ஏதோ அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெண்கலம் மைக்கின் முன்னால் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே போய் அவர் தோளைத் தொட்டு எழுப்பி, வெளியே கூட்டிவந்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் கட்டிலில் பழைய பேப்பரை விரித்து ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார். மூக்கில் கண்ணாடி, கையில் திருப்புளி. பாதிப் பாட்டில் நின்றுவிட்டது, பிறகு ஏதோ உதைக்கிற சத்தம்தான் வருகிறது, உள்ளே ஒயர் எங்கேயோ தொடுகிறது போல என்றார். லேத்தில் கை பழகின மனிதர், ஒவ்வொரு திருகாணியையும் வரிசை மாறாமல் அடுக்கி வைத்திருந்தார்.

ரேடியோவில் ஒன்றும் இல்லை மாமா என்று சொல்லி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். விற்றது, அலையவிட்டது, வெண்கலத்துக்கு ஒரு நிமிஷம் தராதது எல்லாம். அவர் திருப்புளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பாட்டையாவது முடிச்சிருக்கலாமே" என்றார் கடைசியில்.

பிறகு ஒரு வார்த்தை சொன்னார். பட்டறையில் விரல் நசுங்கினால் சொல்கிற வார்த்தை. அவள் மருமகளாய் வந்த நாள் முதல் அவள் காதுபட அவர் அதைச் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஆமாம் மாமா" என்றாள் அக்கா. தனக்குத் தெரிந்த இன்னும் கொஞ்சம் நீளமான ஒன்றை அவளும் சொன்னாள்.