புண் ஆறட்டும்

நீர்மாலை எடுக்கக் கிணற்றுக்குச் சங்கு ஊதிக்கொண்டு போன ஆண்கள் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள். ஐந்து குடம் கொண்டுபோனதில் ஒன்றில் மட்டும் அரைக்குடம் தண்ணீர் இருந்தது. அதுவும் சேறு கலந்தது. பந்தல்குடியில் மழை பொய்த்து அது மூன்றாவது வருஷம். பிணத்தைக் குளிப்பாட்டக்கூட ஊறாத கிணற்றை ஆளுக்கொரு வார்த்தை ஏசிவிட்டுக் குடங்களை வாசலில் இறக்கினார்கள்.

சோணைமுத்துவை முற்றத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நாற்பத்தாறு வயசு. தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் இருபது வருஷம் உப்பு லாரி ஓட்டியவர். அதில் கடைசி ஏழு வருஷம் மூச்சிரைப்போடு ஓட்டினார். விடிகிற நேரத்தில் அந்த இரைப்பு நின்றது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி அழகுத்தாய் இன்னும் அழவில்லை. வந்த பொம்பளைகள் கட்டிக்கொண்டு அழுதபோது தோளைக் கொடுத்தாளே தவிர, கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று இரண்டு பேர் அவள் காதில் விழும்படியே பேசிக்கொண்டார்கள்.

பிள்ளை இல்லாத வீடு. காரியம் எல்லாம் செத்தவரின் தம்பி கோட்டைச்சாமி தலையில்தான் விழுந்தது. அவன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "பின்னாடி ட்ரம்முல தண்ணி கெடக்குலே. அதை எடுத்தாங்க" என்றான்.

அழகுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். கொல்லையில் இருந்த அந்த ட்ரம்மில் இருந்தது கடல் தண்ணீர். நாலு நாளைக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்தது. தொட்டியில் கிடக்கிற ஆமைக்கு மாற்ற வேண்டிய தண்ணீர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேறு வழி பார்த்திருப்பார்கள். அவள் சொல்லவில்லை. அதற்கென்று எடுத்து வைத்த தண்ணீர் இன்றைக்கு ஒரு நாளாவது இவருக்குப் போகட்டும் என்று பேசாமல் இருந்தாள்.

குடத்தில் மொண்டு வந்து, சங்கு ஊதி, முறைக்காரர்கள் ஆளுக்கு மூன்று செம்பு ஊற்றினார்கள். தலையில் ஊற்றிய தண்ணீர் தெறித்து கோட்டைச்சாமியின் உதட்டில் பட்டது. அவன் நக்கிப் பார்த்து முகம் மாறினான்.

"ஏலே, கரிக்குதுலே."

ஊற்றியவர்களும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. செத்தவனை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிய கதையை அந்த வட்டாரத்தில் யாரும் கேட்டதில்லை. கடைசியில் பெரியவர் ஆண்டிச்சாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு வழி சொன்னார்.

"விடுங்கப்பா. சேதுவுக்குப் போயிக் கடல்ல தலை முழுக எம்புட்டுப் பேருக்குக் கொடுத்து வச்சிருக்கு? அவனுக்குக் கடலு வீடு தேடி வந்துருக்கு. மிச்சத்தையும் ஊத்துங்க."

மிச்சத்தையும் ஊற்றினார்கள். ட்ரம் காலியானது.

பிணத்தை எடுத்துக்கொண்டு போன பிறகு பெண்கள் முழுகப் போனார்கள், முழுகத் தண்ணீர் இல்லாமல் தலையில் தெளித்துக்கொண்டு வந்தார்கள். அழகுத்தாய் கொல்லைப்பக்கம் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்தாள். காளைகளை விற்பதற்கு முன்னால் தண்ணீர் காட்டக் கட்டிய நீளமான சிமெண்டுத் தொட்டி. அதில் ஒரு சாண் தண்ணீர், பச்சை பிடித்து நாற்றம் அடித்துக்கொண்டிருந்தது. சுளகு அகலத்துக்கு ஆமை அதில் கிடந்தது. அவள் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கி ஒரு மூச்சு விட்டது. தொண்டையிலிருந்து கிளம்பி மூக்கு வழியாக நீளமாக வருகிற மூச்சு. ஏழு வருஷம் பக்கத்துப் பாயில் கேட்டது. அவள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

ஆமையைப் பற்றி ஊர் சொல்வதை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அதெல்லாம் தெரிந்தேதான் அழகுத்தாய் அதை வீட்டுக்குள் விட்டாள். இரைப்புக்குக் கடலாமை ரத்தத்தை வெதுவெதுப்பு ஆறுமுன் குடித்தால் சுகமாகும் என்று தூத்துக்குடிக்காரர்கள் சொன்னது அவள் காதுக்கு வந்து, வெள்ளாட்டை விற்று, "குடிச்சிட்டுத்தான் வரணும்" என்று அவரை அனுப்பியதும் அவள்தான். அவர் குடிக்காமல் திரும்பி வந்தார். லாரியின் பின்பக்கத்தில் ஈரச் சாக்குக்கு அடியில் இது கிடந்தது.

வலது முன்துடுப்பில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, கரையில் நாள்கணக்கில் கட்டிப் போட்டிருந்தார்கள். கயிறு அறுத்த இடத்தில் புழு வைத்திருந்தது.

"என்னங்க இது?"

"புண்ணுபட்ட உடம்பு தாயி. ரத்தம் கெட்டுருக்கும். புண்ணு ஆறட்டும், வீட்டுல வச்சே குடிச்சிக்கிறேன்."

அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. அன்றிலிருந்து லோடு ஏற்றி வரும்போதெல்லாம் ஒரு ட்ரம் கடல் தண்ணீரும் ஒரு சாக்குக் கடல்பாசியும் வீட்டுக்கு வந்தன. குடிக்கத் தண்ணீருக்கு ஊரே குடத்தோடு நிற்க, ஆமைக்கு உப்புத் தண்ணீர் லாரியில் வருகிறது என்று சிரிக்காத ஆள் இல்லை. அவர் தினமும் அதைத் தூக்கிச் சாக்கில் வைத்து, புழுவை எடுத்து, வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போடுவார். மருந்து பிடிக்கும் வரை தண்ணீரில் விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முதலில் அது ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி நீந்தியது. இரண்டு மாசத்தில் நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளும் சந்தோஷப்பட்டாள், ரத்தம் நல்லாகிவிட்டது என்று.

"ஆறிருச்சே. எப்பங்க?"

"மேல்தோலுதான் ஆறிருக்கு. உள்ளுக்க ஆறணும்."

ஆடி போய் ஆவணி வந்தது. லாரியில் ஏற முடியாத அளவுக்கு அவருக்கு இரைப்பு முற்றிவிட்டது. கூட ஓட்டுகிற சுப்புராஜ்தான் அதற்குப் பிறகு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைக்குப் போய் எண்ணெய் போட்டுவிட்டு, திரும்பி வர முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

சாவதற்கு நாலு நாளைக்கு முன்னால் அழகுத்தாய் அரிவாளைத் தீட்டி எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். இனி அவரைக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவர் எப்படித்தான் எழுந்து வந்தாரோ, தொட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பேச்சு வர வெகுநேரம் ஆனது.

"அது மூச்சு விடுறதைக் கேட்டியா? ஒரு தடவை மேல வந்து இழுத்துட்டு, அம்புட்டு நேரமும் உள்ள கெடக்கு. அதை என்னால குடிக்க முடியலை தாயி. என்னால போக முடியலைன்னா நீ கொண்டு போயிக் கடல்ல விட்டுரு."

அவள் அரிவாளைக் கொண்டுபோய் கூரை எரவாணத்தில் செருகினாள். சரியென்று அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு இருந்த மூன்று நாளிலும் சொல்லவில்லை. என்னை விட அந்த ஊமை ஜென்மம் பெரிதாகப் போய்விட்டதா என்ற ஆத்திரத்தில் அவர் முகத்தையே பார்க்காமல் கஞ்சி கொடுத்தாள். இப்போதும் அந்த ஆத்திரம் இருந்தது. அதைக் காட்டத்தான் ஆள் இல்லை.

மூன்றாம் நாள் காலையில் சாம்பலைக் கடலில் கரைக்கக் கோட்டைச்சாமி புறப்பட்டான். சுப்புராஜ் வெறும் லாரியைத் தூத்துக்குடிக்கு ஓட்டிக்கொண்டு போகிறான், அதிலேயே போவதாக ஏற்பாடு. ஆமையையும் சாக்கில் சுற்றி ஏற்றினார்கள்.

"கரையில ஒரு யாவாரி கேட்டுருக்கான் மதினி. குடுத்துட்டு வந்துருதேன். வீட்டுல பீடை தொலையும்."

அழகுத்தாய் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வந்து லாரியில் ஏறினாள்.

"பதினாறு கழியாம படி தாண்டப்படாது மதினி. ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும்."

எதற்கு ஏறினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் சொன்னதைச் செய்யவா, அவர் குடிக்காத ரத்தத்தை யாராவது குடிப்பதைக் கண்ணால் பார்க்கவா. வழி நெடுக கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. காலடியில் சாக்கு அசைந்தபோது காலை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

உப்பளங்களைத் தாண்டிப் போய் லாரி நின்றது. கோட்டைச்சாமி கலயத்தோடு ஒரு பக்கம் தண்ணீரில் இறங்கினான். சுப்புராஜும் வியாபாரியும் ஆமையை இறக்கி மணலில் மல்லாக்கப் போட்டார்கள். ஓலைச் சார்ப்பின் நிழலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு ஆள் இரண்டு கையையும் மணலில் ஊன்றி, தோள் ஏறி இறங்க, வாயால் இழுத்துக்கொண்டிருந்தார். அப்படி உட்காருகிற விதம் அழகுத்தாய்க்குத் தெரியும்.

"மூணு நாளா ஒண்ணும் வலையில விழலை" என்று வியாபாரி அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னான். "உங்களுக்கு நேரம் நல்லாருக்கு."

அந்தப் பெண் எழுந்து வந்தாள். விளாத்திகுளம் பக்கமாம். விடியற்காலை வண்டிக்கு வந்ததாம்.

"எத்தனை தடவை குடிச்சிருக்காக?" என்று அழகுத்தாய் கேட்டாள்.

"ரெண்டு வருசமா வாரோம். குடிக்கப் போயித்தான் உசுரு கெடக்கு. இல்லைன்னா எப்பவோ போயிருப்பாக."

ரெண்டு வருஷம். அழகுத்தாய் அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

வியாபாரி ஆமையின் முன்துடுப்பைத் தூக்கி, புண் ஆறி வெள்ளையாக இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். "பழைய ஓட்டைதான். நல்லாத் தூந்திருக்கு. யாரோ பக்குவமா மருந்து போட்டுருக்காக" என்றான். பிறகு இடுப்பிலிருந்து குத்தூசியை உருவி அதே இடத்தில் வைத்தான். "இதுலயே கோத்துருவோம். அறுக்கிற ஆள் வாரவரைக்கும் கெடக்கட்டும்."

"ஊசியை எடுங்க" என்றாள் அழகுத்தாய்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதுல குத்தாதீங்க. நாலு மாசம் ஆச்சு அது ஆற. சுப்புராசு, பிடி அந்தப் பக்கம்."

சுப்புராஜ் குனிந்து பிடித்தான். வியாபாரி ஏதோ சொல்லிக்கொண்டே கூட வந்தான், பிறகு நின்றுவிட்டான். முழங்கால் அளவு தண்ணீருக்குப் போய் இறக்கினார்கள். ஆமை கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. ஒரு அலை வந்து தூக்கியதும் இரண்டு துடுப்பையும் ஒன்றாக அடித்தது, அடுத்த அலைக்கு அங்கே இல்லை. நாலு மாசம் ஊரே பேசிய பேச்சு அத்தனை சீக்கிரம் முடிந்துவிட்டது. அழகுத்தாய்க்கு அழுகை வரும் என்று சுப்புராஜ் நினைத்தான் போலிருக்கிறது, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அது வரவில்லை. முழங்கால்வரை நனைந்த சேலையைப் பிழிந்தபடி கரைக்கு ஏறினாள்.

கோட்டைச்சாமி இன்னும் தண்ணீரில் முழுகிக்கொண்டிருந்தான். வேறு நிழல் இல்லாததால் அழகுத்தாய் ஓலைச் சார்ப்புக்கே வந்தாள். அந்த ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். அந்தப் பெண் அவளைக் கோபமாகப் பார்க்கவில்லை. அழகுத்தாயின் நெற்றிக் குங்குமத்தையும், பதினாறாம் நாள்தான் இறக்க வேண்டிய தாலிக்கயிற்றையும் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரவுகளுக்காக வச்சிருந்ததா அது?"

"ஆமா."

"அவுகளுக்கும் எரைப்பா?"

"ஏழு வருசம்."

அந்தப் பெண் கொஞ்சம் நெருங்கி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சொகமாயிருச்சா? அதான் விட்டுட்டீகளா?"

அழகுத்தாய் படுத்திருந்தவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை நனைந்து விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது.

"ஆமா" என்றாள். "இப்ப எரைப்பு இல்லை."

"என்ன மருந்து குடுத்தீக?"

அந்தப் பெண் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு, ரத்தம் பிடிக்கக் கொண்டுவந்திருந்த வெறும் செம்பைப் பக்கத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அழகுத்தாய் உட்கார இடம் விட்டாள்.