கருப்பு என்றால் தண்ணீர்

கால்நடை மருத்துவமனையில் அவளுக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மாடு உதைத்தாலும், நாய் பாய்ந்தாலும், கூட வந்தவர் தொண்டை கிழியக் கத்தினாலும் அவள் ஒரே குரலில் "கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்பாள். அதனால் வந்த பெயர்.

அக்கா ஈரல் நோயில் இறந்தபோதும் அப்படித்தான் இருந்தாள். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தேநீர் ஊற்றிக் கொடுத்தாள், மாத்திரைகளைப் பொறுக்கி ஒரு பையில் கட்டினாள். "எப்படிக் கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று உறவுக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். அவளுக்கோ, பல் பிடுங்குவதற்குப் போடும் ஊசி வாயோடு நிற்காமல் உடம்பு முழுக்க இறங்கிவிட்டது போலிருந்தது. கொஞ்ச நாளில் தெளியும் என்று காத்திருந்தாள். தெளியவில்லை.

அக்காவுக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பு படித்தாலும் வீட்டில் இன்னும் வாண்டுதான். அப்பன் எப்போதோ வேறு குடும்பம் தேடிப் போனவன். ஆகவே வாண்டு புத்தகப் பையும் ஒரு தலையணையுமாகச் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளும் அழவில்லை. ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பேர் மாதிரி, "நீ முதல்ல குளி", "இல்ல சித்தி, நீ முதல்ல" என்று மரியாதையாகக் குடித்தனம் நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஸ்கேன் பயிற்சி வந்தது. கால்நடைகளுக்குச் சினை பார்ப்பது, வயிற்று நோய்களைக் கண்டுபிடிப்பது எல்லாம் கற்றுத்தரும் வகுப்பு. அக்கா நன்றாக இருந்த காலத்தில் நிதானம் அதற்குப் பெயர் கொடுத்திருந்தாள். இப்போது போகவில்லை என்றால் யாருக்காவது காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதைவிடப் போய்விடுவது சுலபமாக இருந்தது.

முதல் நாள் மாட்டுக் கொட்டகையில் வைத்துப் பாடம். பயிற்சி கொடுக்க வந்தவர் அவளைவிட இளையவர், சுறுசுறுப்பான ஆள். திரையைக் காட்டி, "கருப்பா தெரிஞ்சா தண்ணி. வெள்ளையா தெரிஞ்சா எலும்பு. நடுவுல சாம்பலா இருக்கறதெல்லாம் சதை. இவ்வளவுதான், மத்ததெல்லாம் பழக்கம்" என்றார். முழங்கைக்கு மேல்வரை உறை மாட்டி, ஸ்கேன் கருவியின் முனையை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு மாட்டின் குதவாயில் கையை விட்டு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். இத்தனை வருடம் விரல்களால் தடவிச் சினை சொன்னவள் அவள். இப்போது கை உள்ளே, கண் வெளியே. இரண்டுக்கும் நடுவில் ஒட்டே இல்லை.

"எனக்குக் கட்டிதட்டிப்போன மாவுதான் தெரியுது. உங்களுக்கு?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். அவரும் மாட்டு டாக்டர்தான். காலையில் வாயைத் திறந்தால் மாலையில்தான் மூடுவார் என்பதால் முதல் நாளே அவருக்கு வானொலி என்று பெயர் விழுந்துவிட்டது.

"எனக்கும் மாவுதான்" என்றாள் நிதானம்.

"அப்பாடா! மாவா தெரியுதுன்னு சொல்ல ஒரு துணை கிடைச்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து அவளும் சிரித்தாள்.

பழகப் பழக மாவு விலகியது. சினைப்பை, கருப்பை, அதற்குள் அரிசி அளவுக் கரு என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பிடிபட்டது. கையளவுக் கருவி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக முறைவைத்துக் கொடுத்தார்கள். அவள் முறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுக் கருவியை எடுத்து வைத்தாள். தன் வயிற்றில் தானே வைத்துப் பார்த்தால் கழுத்து வலித்தது.

வாண்டு கதவோரம் நின்று பார்த்தாள். "என்னையப் பாரேன் சித்தி. நான் ஆடாம இருப்பேன்."

"ஜில்லுன்னு இருக்கும்."

"தெரியும்."

சோபாவில் படுத்துச் சட்டையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். நிதானம் ஜெல்லைத் தடவி விலாவுக்குக் கீழே கருவியை வைத்தாள். ஈரல் வந்தது. அதற்கடியில் சிறுநீரகம், அவரைக்கொட்டை மாதிரி. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய நிறத்தில் இருந்தன. ஈரலை மட்டும் அவள் இரண்டாம் முறையும் பார்த்தாள். மூன்றாம் முறையும் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தப்ப நான்தான் கூட இருந்தேன்" என்றாள் வாண்டு, கூரையைப் பார்த்தபடி. "அந்த டாக்டர் முதல்ல நல்லாத்தான் பேசிட்டு இருந்தாரு. எந்த ஸ்கூல்னு கேட்டாரு. அப்புறம் பேச்சு நின்னுடுச்சு. டிவியத் தன் பக்கம் திருப்பிக்கிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் அதோட முதுகையே பாத்துட்டு இருந்தோம். அம்மா என்கிட்ட, ‘வயரெல்லாம் எவ்வளவு அழுக்கா இருக்கு பாரு’ன்னாங்க."

நிதானத்துக்கு இது தெரியாது. அன்று அவள் ஏதோ ஒரு பண்ணையில் கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். கருவியை எடுத்துவிட்டு, துண்டால் வாண்டின் வயிற்றைத் துடைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்க."

"சரி" என்று எழுந்து பல் துலக்கப் போனாள் வாண்டு, மதியம் என்பதையும் மறந்து.

கடைசி நாள் ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். ஆளுக்கொரு ஆடு. நிதானத்தின் பங்குக்கு வந்தது செம்பழுப்பு நிறப் பெட்டை. வயிறு பீப்பாய் போலிருந்தது. பண்ணைக்கார அம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். "இது என் செல்லம், டாக்டர். ரெண்டா மூணான்னு மட்டும் சொல்லுங்க. வைக்கோல் எல்லாம் போட்டு வெச்சுட்டேன்."

பின்தொடைக்கு உட்புறம், முடியில்லாத இடத்தில் ஜெல் தடவிக் கருவியை வைத்ததுமே திரை கருகருவென்று நிறைந்தது. தண்ணீர். கருப்பை நிறையத் தண்ணீர். "சினைதான்" என்று வாய் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் ஆட்டின் நெற்றியில் முத்தம் கொடுத்தார்.

குட்டிகளை எண்ணத்தான் நிதானம் மேலும் தேடினாள். இந்தப் பருவத்தில் கருப்புக்குள் பொத்தான் பொத்தானாக வெள்ளை வளையங்கள் தெரிய வேண்டும். குட்டி ஒட்டிக்கொண்டு உணவு வாங்கும் இடங்கள் அவை. ஒன்றுகூட இல்லை. எலும்பு இல்லை, துடிப்பு இல்லை. மெல்லிய வெள்ளைச் சுவர்கள் மட்டும் தண்ணீரில் திரைச்சீலை மாதிரி அசைந்துகொண்டிருந்தன.

பயிற்சியாளரைக் கண்ணால் கூப்பிட்டாள். அவர் வந்து குனிந்து பார்த்தார். திரையை மெதுவாகத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, "பொய்ச்சினை. வெறும் தண்ணி. வெளியில போய்ப் பேசிக்கலாம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. பழக்கம்.

பண்ணைக்கார அம்மாள் கருவியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிதானம் திரையைப் பிடித்து அவர் பக்கமாகத் திருப்பினாள். "அக்கா, இங்க பாருங்க. நான் அவசரப்பட்டுச் சினைன்னு சொல்லிட்டேன். தப்பு. இந்தக் கருப்பு எல்லாம் தண்ணி. உள்ள குட்டி இல்ல."

"குட்டி இல்லையா? அப்ப இவ்வளவு பெரிய வயிறு?"

"கருப்பை ஏமாந்துபோச்சு. சினையா இருக்கறதா நினைச்சுத் தண்ணியச் சேத்து வெச்சிருக்கு. ஊசி போட்டா வடிஞ்சிடும்."

"மறுபடி சினை பிடிக்குமா?"

"பிடிக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த அம்மாள் திரையில் விரலை வைத்துப் பார்த்தார். "தினமும் காலையில வயித்துல காது வெச்சுக் கேப்பேனே."

"என்ன கேட்டுது?"

"ஏதோ கேட்டுது" என்றார். பிறகு ஆட்டின் காதைத் தடவியபடி, "போகட்டும். நீயாவது நல்லா இருக்கியே" என்றார் அதனிடம்.

நிதானம் ஜெல்லைத் துடைத்தாள். தனக்குள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் இல்லை. கை மட்டும் வேலையைச் செய்தது.

திரும்பும் வண்டியில் வானொலி பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லாச் சொன்னீங்க. நானா இருந்தா வளவளன்னு பேசி அந்தம்மாவ இன்னும் குழப்பியிருப்பேன்" என்றார். அப்போதுதான் தான் அந்த அம்மாளை எப்படிக் கூப்பிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. முன்பெல்லாம் ஆடு மாடு கொண்டுவரும் பெண்கள் எல்லாருமே அவளுக்கு அக்காதான். சாவுக்குப் பிறகு அந்தச் சொல் தொண்டையோடு நின்றுபோயிருந்தது. "வாங்க", "சொல்லுங்க" என்று மொட்டையாகவே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். சொன்னதால் ஒன்றும் ஆகிவிடவில்லை. சன்னல் வழியே கம்பங்கள் ஓடின.

வீட்டில் வாண்டு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். நிதானம் ஆட்டின் கதையைச் சொன்னாள்.

"அந்த அம்மாவுக்கு டிவியத் திருப்பிக் காட்டினியா?"

"காட்டினேன்."

"காட்டினா என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆனா அவங்க கேள்வி கேட்டாங்க."

வாண்டு முட்டை ஓட்டை உரித்து, இரண்டு தட்டிலும் வைத்தாள். "அம்மா கேக்கவே இல்ல" என்றாள்.

பயிற்சித் தேர்வில் நிதானம் தேறிவிட்டாள். அவள் மருத்துவமனைக்கும் ஒரு ஸ்கேன் கருவி வந்தது. அதன் திரையை அவள் சுவரோரம் உயரத்தில் மாட்டச் சொன்னாள், அறையில் யார் நின்றாலும் தெரிகிற மாதிரி. செம்பழுப்பு ஆட்டுக்கு ஊசி போட்டதில் தண்ணீர் வடிந்தது. பிறகு கிடாவோடு சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. பண்ணைக்கார அம்மாள் அதை விற்கவில்லை என்று மட்டும் காதில் விழுந்தது.

ஒருநாள் காலையில் வாண்டு பள்ளிக்குக் கிளம்பும்போது காலுறையில் ஒன்றைக் காணோம். கட்டிலடியில் தேடினாள், துணிக்கூடையைக் கவிழ்த்தாள். பிறகு கவிழ்ந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். வீடே அதிர்ந்தது.

நிதானம் அவளருகே தரையில் உட்கார்ந்து தோளைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டாள். "அழாதே" என்று சொல்லவில்லை. தனக்கு அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. ஆனால் வாண்டின் முதுகு விம்மி விம்மித் தணிவது உள்ளங்கையில் தெரிந்தது, சூடாக. கையை எடுக்காமல் இருந்தாள். தெருவில் பள்ளிப் பேருந்து வந்து, இரண்டு முறை ஒலியெழுப்பிவிட்டுப் போயிற்று.