தாளுக்குப் பின்னால் பேசியது

1

இந்தக் கதை வந்ததற்குக் காரணம் என் மனைவி சீனியம்மாளின் காது. ஒரு காது சின்ன வயதுக் காய்ச்சலிலேயே போய்விட்டது. மறு காதுக்குள் நரம்பை ஒட்டிக் கட்டி வந்தது. கட்டியை எடுத்தார்கள், அந்தக் காதும் அடைந்துபோனது. வாயசைவில் புரியாததை அவளுக்கு எழுதிக் காட்டத்தான் நாற்பத்தெட்டு வயதில் நான் எழுத்தே படித்தேன். சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

2

'எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் காலைச் சூரியன் பொன்னிறமாக...'

(வேண்டாம். ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறவன் சூரியனையா பார்ப்பான்? பாயைப் பார்ப்பான்.)

நேராகவே சொல்கிறேன். கேட்கும் நரம்பு மட்டும் சேதமில்லாமல் தப்பியிருந்ததால் காதுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். தையல் ஆறியபின் ஒருநாள் கூப்பிட்டு, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெளிப்பகுதியை மாட்டி ஓடவிட்டார்கள்.

3

ஓடவிட்டவர் ஆஸ்பத்திரியில் காதுக் கருவி பார்க்கிற இந்துமதி என்ற பெண். (கதைக்காக அவரைக் கடுகடுப்பானவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சிரித்துக்கொண்டே இருக்கிற மனுசி.) உதட்டசைவு தெரியாதபடி ஒரு தாளால் தன் வாயை மறைத்துக்கொண்டு சீனியிடம் கேட்டார்.

"அக்கா, உங்க பேரு என்னங்க?"

"சீனியம்மா."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப நீங்க பேசுங்கண்ணா. அக்காவுக்கு மொதல்ல விசில் மாதிரித்தான் இருக்கும். போகப்போகத் தெளிஞ்சுக்குமுங்க."

தாளை வாங்கி வாயை மறைத்துப் பேசினேன். சீனி காத்திருந்தாள். மறுபடியும் பேசினேன். அவள் கண் நிறைந்துவிட்டது.

"ஒங்களுது கேக்குது தாயி. இவுக கொரலு மட்டும் கேக்கலையே!"

(இங்கேயே நிறுத்தினால் நல்ல சோகக் கதை. எனக்கு மனசு வரவில்லை.)

இந்துமதி என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்ண்ணா, நீங்க பேசவே இல்லீங்களே!"

4

நாங்கள் ரெண்டு பேரும் வேலை பார்த்த, பனியன் துணி பின்னுகிற நிட்டிங் கம்பெனி இரைச்சலில் யாரும் தொண்டையைத் திறப்பதில்லை. உதட்டை மட்டும் அசைப்போம். நானும் அவளும் அப்படிப் பேசித்தான் கல்யாணமே முடிவானது. அவள் முகத்தைப் பார்த்தாலே என் குரல் தானாக நின்றுவிடும்.

இந்தமுறை மூச்சைப் பிடித்துக் கூப்பிட்டேன்.

"ஏ சீனி!"

துள்ளி விழுந்தாள். "ஏன் இப்பிடிக் கத்துறீக? தகரத்துல கல்ல உருட்டுனாப்புல இருக்கு!"

பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னொருக்கா கத்துங்க."

5

முடிவு வர மாட்டேன் என்கிறது. எழுதியவரை உரக்கப் படித்துப் பார்க்கிறேன். சீனி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள்.

"நா எங்க அழுதேன்? பொய்யி."

படித்து முடித்து நிறுத்துகிறேன். அவள் திரும்பவே இல்லை.

"ம்... அப்புறம்?"

எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள். அவளுக்குக் கேட்கும்.