ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு சிவப்புப் பொட்டு

மகளின் கல்யாண வீடியோவைச் சுவரில் ஓட்டிக் காட்டப் புரொஜெக்டர் வாங்கியிருந்தார் சீனிச்சாமி. படம் பளிச்சென்று விழுந்தது. சத்தம் மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கவில்லை. காட்டில் பன்றி விரட்டும் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் தூக்கிவந்து மாட்டினார். நாதஸ்வரம் கரகரவென்று கிழிந்தது.

"தகரத்த ரோட்டுல இழுத்த மாதிரி இருக்கு. ஆறு மணிக்குச் சம்பந்தகாரக வந்துருவாக," என்றாள் மனைவி ராக்கம்மாள்.

போன மாதம் மழையில் நனைந்த ஆம்ப்ளிஃபயரை உத்தமபாளையத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹக்கீமிடம் கொடுத்து வாங்கியிருந்தார். இருபது வருடப் பழக்கம். கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். இன்றைக்கும் படம் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்.

"செம்பு ட்ரான்ஸ்ஃபார்மர உருவிட்டு அலுமினியத்தப் போட்டுட்டான்."

"ஹக்கீம் தம்பியா? வாயக் கழுவுங்க."

"தூக்கிப் பாரு. எடை கொறஞ்சிருக்கு."

அவள் தூக்கவில்லை.

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்பே மூடியைக் கழற்றி, மாற்றினால் தெரியட்டும் என்று ட்ரான்ஸ்ஃபார்மரின் உள்பக்கம் மகளின் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். இப்போது வீட்டிலேயே திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கோம்பையிலிருந்து பஸ்ஸில் போனார். தொடை மரத்துப்போனது. அப்போதும் எடை குறைவாகத்தான் பட்டது.

"மாமா, ஆறு மணிக்குத்தான வரச் சொன்னீக?" என்றான் ஹக்கீம்.

"இதத் தொற. நாலு பேரு பாக்கட்டும்."

ரீசார்ஜுக்கு வந்த இரண்டு பேர் அங்கேயே நின்றார்கள். ஹக்கீம் நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியை எடுத்தான். சீனிச்சாமி டார்ச் அடித்துக் குனிந்தார்.

"பொட்டு இருக்கா மாமா?"

வைத்த இடத்திலேயே சிவப்பாக இருந்தது. டார்ச்சை அணைத்தார்.

"போன மாசம் தொறந்ததுமே பாத்தேன். தெரியாம அழிஞ்சிரக் கூடாதேன்னு பாத்துப் பாத்து வேலை செஞ்சேன். சரி, புரொஜெக்டர் ஒயர எந்த ஓட்டையில சொருகுனீக?"

"எப்பவும் சொருகுறதுலதான்."

காட்டில் நாய் குரைப்பைப் போனில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கைக் கட்டிவைப்பார். பன்றி ஓடிவிடும். பத்து வருடமாக அந்த ஒரு ஓட்டைதான் அவருக்குத் தெரியும்.

"அது மைக்குக்கு. சின்னச் சத்தத்தப் பெருசாக்குறது. புரொஜெக்டர் அனுப்புறதே பெருசு. அத அங்கன விட்டா கிழியாம என்ன செய்யும்? இதுக்குன்னே பின்னால ஆக்ஸ்னு ரெண்டு ஓட்டை இருக்கு பாருங்க."

ஒரு ஒயரை எடுத்து அந்த ஓட்டையில் சொருகி, மறுமுனையைத் தன் போனில் மாட்டிக் காட்டினான். கடை ஸ்பீக்கரில் பாட்டு தெளிவாக வந்தது. ஒயரைச் சுருட்டிக் கொடுத்தான்.

"மூடிரு மாப்ள. நேரமாச்சு."

ஹக்கீம் ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் வைத்தான். "நீங்களே மூடுங்க. நான் கை வச்சா, நாளைக்கு வேற எதையாவது காணோம்பீக."

மூன்று திருகாணிகளை முடுக்கினார். நான்காவதைக் காணவில்லை. அவரையும் மீறிக் கண் ஹக்கீமின் சட்டைப்பைக்குப் போனது. ஹக்கீம் அதையும் பார்த்தான்.

"பெருசு, ஒங்க காலடியில கெடக்கு," என்றார் ரீசார்ஜுக்கு வந்தவர்.

முடுக்கி முடித்ததும் சீனிச்சாமி சொன்னார்: "ஆறு மணிக்கு வந்துரு மாப்ள."

"வேலை கெடக்கு மாமா."

ஆறு மணிக்குச் சத்தம் கண்ணாடி மாதிரி இருந்தது. படத்தில் பந்தி வந்தது. வாளியும் கையுமாக ஹக்கீம் சுவர் உயரத்துக்கு நின்றான். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க, நம்ம வீடுதான்" என்ற அவன் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"அன்னிக்கு எங்க ஆளுகள அவருதான் கவனிச்சாரு. இன்னிக்கு வரலையா?" என்றார் சம்பந்தி.

சீனிச்சாமி எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைத்தார்.