வெள்ளையணு ஏறிய வாரம்

ஏழே கால், அவர் மாத்திரை விழுங்கும் நேரம். நாராயணஸ்வாமி சைனிக்புரி வீட்டு வாசலில் கீரைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். நாமே எடுத்து வைப்போம் என்று கல்பகம் டப்பாவைத் திறந்தாள். போன வாரம் பார்த்தபோது இருந்த அளவு அப்படியே இருந்தது.

"ஏன்னா, மாத்திரை குறையவே இல்லையே?"

அவர் கீரைக்கட்டை மேஜைமேல் வைத்தார். "நிறுத்திட்டேன்."

ரத்தப் புற்றுநோய்க்கு டாக்டர் பத்மப்ரியா கொடுத்த மாத்திரை. அதை ஆரம்பித்த பிறகு எடுத்த பரிசோதனையில் வெள்ளையணு குறையவில்லை, இரண்டு மடங்காகியிருந்தது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ரிட்டையர் ஆனவருக்கு ஒரே வேதம்: எதையாவது மாற்றி மீட்டர் எகிறினால், மாற்றியதை முதலில் நிறுத்து.

"நீங்க என்ன பாய்லரா?" என்றாள். டாக்டரைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயோ, நக்கோ அங்கிள், நிறுத்தவே கூடாது! கவுன்ட் முதல்ல ஏறும்னு அன்னிக்கே சொன்னேனே. கழுத்துக் கட்டிக்குள்ள இருக்கற பி செல்லுக்கு, அதான் புத்து வந்த வெள்ளையணுவுக்கு, சுத்தி இருக்கற செல்லெல்லாம் 'சாகாதே, ரெண்டாப் பிரி'ன்னு சிக்னல் குடுத்துட்டே இருக்கும். மாத்திரை அதைத் தடுக்குது. அங்க இருக்க முடியாம ரத்தத்துக்கு வந்துடுது. அதைத்தான் லேப்ல எண்ணியிருக்காங்க. ரத்தத்துல அதுக்கு ஆதரவு இல்லை, மெல்ல செத்துடும். நிறுத்தினா திரும்பக் கட்டிக்குள்ள போய்க் குடும்பம் பெருக்கும். கட்டி இப்ப எப்படி இருக்கு?"

மீட்டரைப் பார்த்த மனுஷன் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

கல்பகம் அவர் தாடைக்குக் கீழே விரலை வைத்தாள். நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி இருந்த இடம். தேடினாள். சுண்டைக்காய்தான் அகப்பட்டது.

"கூசறதுடி."

"ஆடாம நில்லுங்கோ."

மறுபக்கமும் அப்படித்தான்.

"சின்னதாயிருக்கு, டாக்டர்."

"அப்ப மருந்து வேலை செய்யுது ஆன்ட்டி. இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்க. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க."

மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விழுங்கினார். வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். காட்டினார். டம்ளரை வாங்கிக்கொண்டவள் நகரவில்லை. விரல் மறுபடியும் அவர் கழுத்துக்குப் போயிற்று.

"எங்கிட்ட சொல்லாம நிறுத்தினேளே, ஏதாவது ஆயிட்டா அப்புறம் நான் யாரோட சண்டை போடறதாம்?"