கடைசிப் பாட்டுக்கு முன்னால்

ஆர்கிரிஸுக்கு விஷயம் தெரிந்ததே மேடையில் உட்கார்ந்திருந்தபோதுதான். அதுவும் கிரேக்க நகரமான தெசலோனிக்கியின் பாதி இளவட்டங்களோடு சேர்ந்து, மைக் வழியாகத் தெரிந்தது.

துறைமுகத்துக்குப் பின்னால் பழைய தோல் கிடங்கு ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது அந்த கிளப். மேல்மாடிக்காரர்கள் ஓயாமல் புகார் கொடுத்ததால், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே வெயில் இருக்கும்போதே பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். அன்று முதலில் கொசானியிலிருந்து வந்த பையன்கள் வாசித்து, கூட்டத்தை நன்றாகச் சூடேற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்து ஏறியது 'அல்மிரா'. ஃபோதிஸ் கிதாரும் பாட்டும், மெல்போ பேஸ் கிதார், ஆர்கிரிஸ் டிரம்ஸ். எந்தக் கம்பெனியையும் நம்பாமல் இரண்டு இசைத்தட்டுகளைத் தாங்களே வெளியிட்டவர்கள். ஒரு பாட்டைப் பிடித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுழற்றிச் சுழற்றி வாசித்து, கேட்கிறவனைக் கிறங்கடித்துவிட்டுத்தான் விடுவார்கள்.

பகலில் ஃபோதிஸ் டியூஷன் சென்டரில் இயற்பியல் வாத்தியார். மெல்போ மருந்துக்கடையில் இருந்தாள். ஆர்கிரிஸ் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஃபோதிஸின் மகளுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான்; அந்த உறவில் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த வீட்டுச் சாவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மணியடிக்காமல் நுழைகிற உரிமை அவன் ஒருவனுக்கு உண்டு.

அன்று மத்தியானம் மைக்கெல்லாம் சரிபார்த்தபோது, ஆர்கிரிஸ் இரண்டு தரம் கூப்பிட்டும் ஃபோதிஸ் திரும்பவில்லை. உடனே ஆர்கிரிஸ் மைக்கைப் பிடித்து, வாத்தியாருக்கு வயசாகிவிட்டது, யாராவது ஒரு ஊன்றுகோல் கொண்டுவாருங்கள் என்று கிண்டலடித்தான். கிளப்பில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மெல்போ மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு மூடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது ஐந்து பாட்டு முடிந்து, இன்னும் ஒன்றுதான் பாக்கி. கூட்டம் வேர்த்து விறுவிறுத்து, அந்த ஒன்றுக்காகவே கத்திக்கொண்டிருந்தது. ஃபோதிஸ் கையைத் தூக்கி அடக்கினான். வகுப்பில் பேசுவதுபோல நிதானமாகப் பேசினான்.

"இதோட அல்மிரா முடிஞ்சுது. என் இடது காது போயிடுச்சு. வலதும் போயிட்டிருக்கு. நிறுத்துன்னு டாக்டர் சொல்லி ரொம்ப நாளாச்சு. இதைக் கடைசியா வாசிச்சுட்டு இறங்கிடறேன். இத்தனை வருஷம் கேட்டீங்களே, அது போதும்."

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள், வழக்கமான அவன் குறும்பு என்று நினைத்து. அப்புறம் அவன் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆர்கிரிஸ் கையில் குச்சிகளோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். காதில் விழுந்த சொற்களுக்கு அர்த்தம் ஏறவே இல்லை. மெல்போவைப் பார்த்தான். அவளும் தன்னைப் போலவே அதிர்ந்துபோய் நிற்பாள் என்றுதான் எதிர்பார்த்தான். அவளோ தலையைக் குனிந்து காலடியில் இருந்த பெடல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றான்.

தலையாட்டினாள். "கிறிஸ்துமஸ் சமயத்துலேருந்து. மருந்துச் சீட்டு எங்க கடைக்குத்தானே வந்துச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

"யார்கிட்டயும்னா? எங்கிட்டயுமா?"

"உங்கிட்டதான் முக்கியமா."

அவன் மெல்ல வலப்பக்கம் திரும்பினான். அங்கே தாங்கியின் மேல் பெரிய சிம்பல் இருந்தது. அந்தப் பித்தளைத் தட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், ஃபோதிஸ். ஒத்திகை அறையிலும் இதே இடம்தான். ஜன்னல் இல்லாத அந்தக் குறுகிய அறையில் வருஷக்கணக்காக ஃபோதிஸின் இடது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைத்தான் ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறான். ஊரிலேயே பலமாக அடிக்கிறவன் என்று பெயர் வாங்கியதும் இதில்தான்.

அவன் குச்சிகளைக் கீழே வைத்தான். எழுந்து சிம்பலின் மேல் திருகைக் கழற்றித் தட்டைக் கையில் எடுத்துவிட்டான்.

கூட்டத்தின் பார்வை போன திசையைக் கவனித்து ஃபோதிஸ் திரும்பினான். கிதாரோடு நெருங்கி வந்து, நீளமான முடியை ஒதுக்கி, வலது காதிலிருந்து சத்தத்தைத் தடுக்கிற, தோல் நிறத்து அடைப்பான் ஒன்றை உருவினான். இத்தனை மாதமாக அதைப் போட்டுக்கொண்டா பக்கத்தில் நின்று வாசித்தான்?

"என்னடா பண்றே?"

"இதாலதானே?"

"பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயரை முழுசாத் திறந்துவிட்டு அது முன்னாடி நின்னவன் நான். உன்னை மட்டும் சொன்னா பொய்."

அந்த 'மட்டும்' ஆர்கிரிஸைக் குத்தியது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, கும்பாரே?"

"சொல்லியிருந்தா மறுநாளே நீ பூப்போல வாசிக்க ஆரம்பிச்சிருப்பே. அதைக் கேக்கவா நான் இந்தக் காதை இவ்வளவு நாள் மிச்சம் வெச்சிருந்தேன்? மாட்டுடா அதை."

அடைப்பானை மறுபடி காதில் சொருகாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு அவன் தன் இடத்துக்குப் போய்விட்டான்.

ஆர்கிரிஸ் தட்டைப் பழையபடி வைத்துத் திருகை ஏற்றினான். மெல்போ தனியாகப் பாட்டைத் தொடங்கினாள். ஆழத்திலிருந்து ஏதோ எழுந்து வருவதுபோல பேஸ் கிதார் உறுமிக்கொண்டே இருந்தது. டிரம்ஸ் நுழைந்தது. ஆனால் தடவுகிற மாதிரி. சிம்பல் விழ வேண்டிய இடம் வந்தது. அந்த இடம் கூட்டத்துக்கே மனப்பாடம். கைகளைத் தூக்கிக் காத்திருந்தார்கள். ஆர்கிரிஸ் அடிக்கவில்லை. தூக்கிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கின. ஃபோதிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு அடி பின்னால் வந்து, சிம்பலை உரசுகிற மாதிரி நின்றுகொண்டு வாசித்தான்.

இரண்டாம் முறை அந்த இடம் வந்தபோது ஆர்கிரிஸ் அடித்தான். தோள் கழன்றுவிடும்போல அடித்தான். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அடித்தபோது கொஞ்சமும் வருத்தமில்லை, சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு ரொம்ப நாள் அவனை அரித்தது அதுதான்.

முடிந்ததும் ஜனங்கள் மேடையேறி ஃபோதிஸைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆர்கிரிஸ் பின்வாசல் வழியாக வெளியேறி, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு நடந்தான்.

பல வாரங்கள் இரண்டு பேர் போனையும் எடுக்கவில்லை. மெல்போ மேல் கோபம், ஃபோதிஸ் மேல் அதைவிட. தன்னை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மனைவி தொல்லை தாங்காமல் ஒருநாள் தானும் காது டாக்டரிடம் போனான். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து என்னென்னவோ ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். டாக்டருக்கே ஆச்சரியம். ஒரு குறையும் இல்லை, வாலிபப் பிள்ளையின் காது என்றார். நல்ல செய்தி கேட்டவன் முகமா இது என்று அவர் யோசித்திருப்பார். ஆர்கிரிஸ் வண்டியில் வந்து உட்கார்ந்தான்.

அங்கிருந்து நேரே ஃபோதிஸ் வீட்டுக்குத்தான் போனான். சாவி கையில் இருந்தும் அன்று மணியை அழுத்தினான். உள்ளே மணியடித்தது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. யாரும் வரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினான். கடைசியில் தற்செயலாகக் குப்பைப் பையோடு கதவைத் திறந்த ஃபோதிஸ் அவனைக் கண்டு திடுக்கிட்டான்.

மன்னிப்பு கேட்கத்தான் வந்திருந்தான். வாயில் வந்தது வேறு. "என் காது நல்லாருக்காம்டா. ரெண்டும்."

ஃபோதிஸ் உதட்டசைவையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னதும் அவன் முகம் ஒரு கணம் கறுத்தது. அதை ஆர்கிரிஸ் பார்த்துவிட்டான். இதற்குமேல் இங்கே நிற்க நமக்கு யோக்கியதை இல்லை என்று திரும்பினான்.

ஃபோதிஸ் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தான்.

"எங்கடா ஓடறே? நல்ல காதுள்ளவன் ஒருத்தனாவது வீட்டுல வேணும். அடுப்புல குக்கர் கத்துதா இல்லையான்னு போய்ப் பாரு."

குக்கர் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆர்கிரிஸ் ஓடிப்போய் அடுப்பை அணைத்தான். அணைத்துவிட்டு அங்கேயே சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று, அழுகையை அடக்காமல் சத்தமாக அழுதான். கூடத்தில் ஃபோதிஸ் இரண்டு கிளாஸ்களில் சிபுரோ சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை.