கேட்டில் ஒருத்தருக்குத்தான் இடம்

குழாய் ஆலையில் அவனை எல்லோரும் சங்கிலி என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் தூக்குகிற இரும்புக் குழாய்களுக்குக் கீழே நின்று சங்கிலி மாட்டுவது அவன் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சம்பள நாள் காலையில், கஷ்டத்தில் இருக்கிறவன் தன் ஹெல்மெட்டை வாசல் கேட்டின் கொக்கியில் மல்லாக்கத் தொங்கவிட்டு உள்ளே போவான். சாயங்காலம் சம்பளத்தோடு வெளியே வருகிறவர்கள் முடிந்ததை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். ஏன், எதற்கு என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். கொக்கி ஒன்றுதான், முந்தினவனுக்குத்தான் அது. பிந்தினவன் அடுத்த மாதம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு பேருக்குப் பிரித்தால் ஒருத்தனுக்கும் தொண்டை நனையாது என்று எந்தக் காலத்திலோ எவனோ கண்டுபிடித்த நியாயம்.

சங்கிலியின் ஹெல்மெட் வருஷம் தவறாமல் அங்கே தொங்கும். "மழை வருதோ இல்லையோ, சங்கிலி ஹெல்மெட் வந்துடும்" என்று மேஸ்திரி ஒரு தடவை சொன்னபோது அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே வாங்கினால் உதவி, தலை குனிந்து வாங்கினால் பிச்சை என்று அவனுக்கு ஒரு எண்ணம்.

எல்லாம் மகளுக்காகத்தான். நடை பழகின புதிதில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிரை மட்டும் விட்டுவைத்துப் போன காய்ச்சல், போகிற போக்கில் இரண்டு காதையும் முழங்காலுக்குக் கீழே ஒரு காலையும் வட்டியாக எடுத்துக்கொண்டு போயிற்று. பிள்ளை பிழைத்ததே பெரிது என்று ஊர் உலகமெல்லாம் சொன்னது. அவனும் அப்படித்தான் நினைத்தான். ஆஸ்பத்திரிச் செலவோடு தீர்ந்தது என்று நினைத்ததுதான் அவன் புத்தி. பிள்ளை வளர்வாள், கட்டைக்கால் வளராது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. வளர வளரப் புதுக் கால் வாங்க வேண்டும். திடீர் திடீரென்று வலிப்பு வந்ததால் அவளைத் தனியே விட முடியாமல், மனைவி தான் பார்த்துவந்த தையல் வேலையை விட்டாள். குடியிருந்த சொந்த வீடு போயிற்று. அப்புறம் வாடகை வீடும் சின்னதாகிக்கொண்டே வந்தது. மற்ற வீடுகளில் பிள்ளை ஒரு விரற்கடை உயர்ந்தால் சுவரில் கோடு போட்டுச் சந்தோஷப்படுவார்கள். அவனோ மகள் நிமிர்ந்து நின்றாலே புதுக் காலின் விலையைக் கணக்குப் போடுகிற ஆளாகிவிட்டான். ஒரு வருஷம் அவள் வளரவேயில்லை. அப்போது அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டானே, அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

வீட்டில் பேச்சு கையால்தான். சைகைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வசதியில்லாத காலத்தில், கிரேன்காரனுக்குக் காட்டுகிற சைகைகளையே மகளுக்குக் கற்றுக்கொடுத்தான். விரலை மேலே சுழற்றினால் எழுந்திரு. கீழே காட்டினால் உட்கார். உள்ளங்கையைத் தட்டையாக நீட்டினால் பொறு. முஷ்டியை மூடினால் நிறுத்து. மீதியை அவர்கள் மூன்று பேரும் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். பிடரியில் கை வைத்துக் கழுத்தைப் பின்னால் விறைத்தால், அந்தக் காய்ச்சல்.

இப்போது அவளுக்குப் பதினேழு. துணி ஆலை ஒன்றில் வெட்டும் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. நின்றபடி செய்கிற வேலை. பழைய காலோ குட்டையாகிவிட்டது. உள்ளே துணியை அடைத்து நடந்ததில் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, முழங்காலடியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. புதுக் காலோடு இந்த மாதக் கடைசிக்குள் வந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று கட்டிங் மாஸ்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்தச் சம்பள நாள் கொக்கி சங்கிலிக்கு வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸில் மேஸ்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிரேன்காரனின் சின்னப் பையனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், காய்ச்சலாம், கழுத்து விறைத்துப்போச்சாம், மருந்துக்கு முன்பணம் கேட்கிறார்களாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சங்கிலி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "அப்படியா" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அவன் எப்போதும் வருகிற பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே வந்தான். கேட் திறக்கவில்லை. காவல்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து திறந்ததும், ஹெல்மெட்டைக் கொக்கியில் மாட்டினான். ஸ்டோரில் ஒரு ஓட்டை ஹெல்மெட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, குழாய் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றான்.

அங்கிருந்து பார்த்தால் கேட் தெரியும். கிரேன்காரன் வந்தான். ஹெல்மெட் தலையில் இல்லை, கையில் இருந்தது. கொக்கியைப் பார்த்தான். பிறகு ஹெல்மெட்டைத் தலையில் வைத்து வாரை இறுக்கிக்கொண்டு, கிரேன் ஏணியில் ஏறிப் போனான்.

அன்றைக்கு முழுவதும் சங்கிலி கீழே, அவன் மேலே. தூக்கு, இறக்கு, பொறு. பத்து வருஷமாக அந்தக் கைகளை நம்பித்தான் சங்கிலி இரும்புக்குக் கீழே நிற்கிறான். ஒரு தடவைகூடக் குழாய் ஆடவில்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இவனால் எப்படி இவ்வளவு நிதானமாக இறக்க முடிகிறது என்று நினைத்தபோது சங்கிலிக்கு உடம்பெல்லாம் கூசியது.

சாயங்காலம் வழக்கம்போல மனைவி மகளை அழைத்து வந்து கேட்டருகே நின்றாள். ஆளைப் பார்த்தால்தானே பைக்குள் கை போகும். சாய்ந்த இடுப்போடு மகள் சுவரில் கை ஊன்றி நின்றாள். ஆட்கள் வந்தார்கள், போட்டார்கள், போனார்கள். "பாப்பா எங்களை எல்லாம் விட உசந்துட்டா, சங்கிலி, பீமன் வீட்டுப் பொண்ணா" என்றான் ஒருத்தன். சங்கிலி சிரித்தான். ஹெல்மெட் கனத்தது.

கடைசியாகக் கிரேன்காரன் வந்தான். பையில் கை விட்டு ஒரு நோட்டை எடுத்தான்.

"வேண்டாம்ப்பா, விடு" என்றான் சங்கிலி.

"உங்களுக்கா போடறேன்? பாப்பாவுக்குத்தானே" என்று அவன் போட்டுவிட்டு, போகாமல் நின்றான். "அண்ணே, ஒண்ணு கேக்கணும். என் பையனுக்கும் இதேதான் சொல்றாங்க. நீங்க பட்டுத் தெரிஞ்ச ஆளு. எத்தனை நாள்ல சரியாகும்? மொத்தம் எவ்வளவு பிடிக்கும்?"

பதினைந்து வருஷம் ஆகியும் முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? "முதல் மாசம்தான் கஷ்டம்" என்றான் சங்கிலி. "அப்புறம் பழகிடும். பயப்படாதே."

கிரேன்காரன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்க்கத்தான் சங்கிலியால் முடியவில்லை.

மகள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கிரேன்காரனைக் கையால் கேட்டாள். அவனுக்கு அவர்கள் வீட்டுப் பாஷை தெரியாது. இடுப்பளவுக்குக் கையைத் தாழ்த்திப் பிள்ளையின் உயரத்தைக் காட்டினான்; பிறகு பிடரியைத் தொட்டுக் கழுத்தை விறைத்தான்.

அவள் முகம் வெளுத்தது. அப்பாவின் பக்கம் திரும்பினாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

வாயால் கேட்டிருந்தால் இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்று சொல்லியிருப்பான். ஆனால் அவன் கைக்குப் பொய் பழக்கமில்லை. கிரேனுக்குக் கீழே நிற்கிறவன் வாயால் ஆயிரம் புளுகலாம்; கையால் ஒன்று புளுகினாலும் எவன் தலையிலாவது இரும்பு விழும். தெரியும் என்று காட்டினான். எப்போது என்று கேட்டாள். நேற்று என்றான்.

அவள் முஷ்டியை மூடி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். நிறுத்து. அந்தச் சைகையைக் கிரேன்காரனும் புரிந்துகொண்டான். எதை நிறுத்தச் சொல்கிறாள் என்றுதான் அவனுக்குப் புரியவில்லை.

"நேத்தே தெரியும்ப்பா" என்றான் சங்கிலி, தரையைப் பார்த்தபடி. "மேஸ்திரி சொன்னாரு. தெரிஞ்சுதான் முன்னாடி பஸ்ல வந்தேன். முதல் மாசம்னு சொன்னதும் பொய். இந்தச் செலவு என்னிக்கும் முடியாது. வீட்டை மட்டும் வித்துடாதே. உன் பொண்டாட்டி வேலையை விடவும் விடாதே. நான் ரெண்டையும் செஞ்சேன்."

கொக்கியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து நீட்டினான்.

வேண்டாம்ணே, முதல்ல மாட்டினது நீங்க, வச்சுக்கோங்க என்று கிரேன்காரன் சொல்வான். சங்கிலி உள்ளுக்குள் அதை எதிர்பார்த்துத்தான் நீட்டினான். நீட்டின மாதிரியும் ஆயிற்று, பணமும் நின்ற மாதிரியாயிற்று. நீட்டிய கையிலேயே அந்த நினைப்பு இருந்ததை அவனே அப்போதுதான் கண்டான்.

கிரேன்காரன் அப்படிச் சொல்லவில்லை. ஹெல்மெட்டை வாங்கி, எல்லாவற்றையும் தன் சாப்பாட்டுப் பைக்குள் கொட்டினான். மூலையில் ஒட்டியிருந்த சில்லறையைக்கூட விரலால் வழித்துப் போட்டான். வெறும் ஹெல்மெட்டைச் சங்கிலியின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று என்ன இருக்கிறது?

அவர்களுக்கு வேறு பஸ். நெடுநேரம் கழித்து வந்தது. மகளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரல் உயர்த்தாமல் கேட்டாள்.

"கட்டிங் மாஸ்டர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அவன் வெறும் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"கொடுத்தது தப்புன்னு நான் சொல்லலைங்க. கொடுக்கறதுக்கு மனசு இருந்தா, காலையில அந்த பஸ்ல ஏன் போனீங்க? அதுதான் எனக்கு ஆறலை."

மகள் திரும்பினாள். அம்மா என்ன சொல்கிறாள் என்று கேட்டாள். சங்கிலி உள்ளங்கையைத் தட்டையாக நீட்டினான். பொறு. எதுவரைக்கும் என்று அவள் கேட்டாள். அதற்கு அவர்கள் வீட்டில் சைகை இல்லை. வேலை போகும் என்பதை அவளாகவே தெரிந்துகொண்டாள் என்பது, அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிய விதத்தில் தெரிந்தது.

அவர்கள் நிறுத்தம் வந்தது. இறங்கும்போது எப்போதும் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொள்வாள். அவனும் பழக்கத்தில் தோளைச் சாய்த்து நின்றான். அவள் கம்பியைப் பிடித்து, குட்டைக் காலை முதலில் தரையில் ஊன்றி, வலியை உதட்டுக்குள் கடித்தபடி தானே இறங்கி முன்னால் நடந்தாள்.